சந்தைச் சுவருக்கு இஸ்திரி போட்ட கதை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நல்ல சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் எங்களைவிடச் சுகமாக இருக்க வேண்டும். குட்டிக்குச் சளி விட்டதா? போனில் கேட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம், இதில் நீ குறுக்கே பேச முடியாது பார். போன வாரம் நீ திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் நான் போனை எடுக்கவில்லை என்று கோபமாக இருப்பாய். கை வேலையாக இருந்தது. என்ன வேலை என்றால் சிரிக்கக் கூடாது, சுவருக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். ஆமாம், சுவருக்குத்தான்.

சந்தைக் கூடத்தை இடித்துவிட்டு வண்டி நிறுத்துமிடம் கட்டப் போகிறார்கள் என்று சொல்லியிருந்தேன் இல்லையா. கூடம் போனால் உள்ளே இருக்கிற என் தையல் கடையும் அப்பாவின் ஹார்டுவேர் கடையும் போய்விடும், அப்புறம் அங்கே உங்களுக்கு என்ன வேலை, கிளம்பி வந்துவிடுங்கள் என்று நீ சொன்னாய், நானும் சரி, இடித்தால் வந்துவிடுகிறோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். நீ அதோடு நிற்காமல் ஜன்னல் வைத்த அறையைக் காலி பண்ணி, கட்டில் வாங்கிப் போட்டு, படமும் அனுப்பிவிட்டாய். இங்கே என்னடாவென்றால் பாத்திரக்கடைக்காரர் தலைமையில் நாங்கள் கடைக்காரர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு குழு அமைத்தோம். மாவட்டத்தில் பழைய கட்டடங்களைக் காப்பாற்றுவதற்கென்று ஒரு பட்டியல் இருக்கிறதாம், அதில் சேர்ந்துவிட்டால் யாரும் கைவைக்க முடியாதாம். மனுப் போட்டோம். பார்வையிட அதிகாரி வருகிறார் என்று பதிலும் வந்தது.

அங்கேதான் வினை ஆரம்பித்தது. நம் ஆட்களைத்தான் உனக்குத் தெரியுமே, யாராவது பெரிய மனிதர் வருகிறார் என்றால் முதல் வேலையாகப் பெயின்ட் டப்பாவைத் திறந்துவிடுவார்கள். உன் அப்பா, எச்சில் கையால் காக்காய் ஓட்டாத மனிதர், தன் ஹார்டுவேர் கடையில் தேங்கிக் கிடந்த பெயின்டை எல்லாம் டப்பா டப்பாவாக இலவசமாகத் தூக்கிக் கொடுத்தார். யாரோ மழலையர் பள்ளிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு வாங்காமல் போன சரக்கு. என்ன நிறம் என்கிறாய்? ரோஸ். மிட்டாய் ரோஸ். வளைவு, தூண், முகப்பு ஒன்றையும் விடவில்லை, ஆசை தீராமல் என் கடையின் உள்சுவருக்கும் அடித்தார். அதிகாரி வருவதற்கு முன்னால் எல்லாருமாக எதிர்ப்புறம் நின்று பார்த்து எங்களை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

வந்த அதிகாரி சின்னப் பெண், உன் வயதுதான் இருக்கும். வண்டியை விட்டு இறங்கியவள் இறங்கின இடத்திலேயே நின்றுவிட்டாள். பாத்திரக்கடைக்காரர் பல்லெல்லாம் தெரிய எப்படி மேடம் இருக்கிறது என்று கேட்கிறார், அவள் கிட்டே போய்ச் சுவரை விரலால் தட்டிப் பார்த்தாள். பிறகு பாவம், திட்டாமல் பொறுமையாகத்தான் சொன்னாள். இது சுண்ணாம்புச் சுவர், மூச்சு விட வேண்டும், இந்தப் பெயின்ட் அதன் தலையில் பிளாஸ்டிக் பையை மாட்டின மாதிரி, ஈரம் உள்ளேயே தங்கி ஒரு மழைக்காலத்திலேயே பூச்சு உதிர ஆரம்பிக்கும், இந்த நிலையில் நான் சிபாரிசு பண்ண முடியாது என்றாள். மற்ற ஊர்களைப் பார்த்துவிட்டு வாரக் கடைசியில் இதே வழியாகத்தான் திரும்புகிறாளாம், அதற்குள் சுவருக்குக் காயம் படாமல் பெயின்டை எடுத்துவிட்டால் மறுபடி பார்க்கிறேன் என்றாள். கம்பிப் பிரஷ் கூடாது, உப்புத்தாள் கூடாது, ஆசிட் கூடவே கூடாது. பிறகு எதால்தான் எடுப்பது, நாக்காலா என்று செருப்புக்கடை அக்கா கேட்டாள், யாரும் சிரிக்கவில்லை.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. அன்றைக்கு அப்பா சாப்பிடவே இல்லை. திட்டலாம் என்று வாயைத் திறந்தேன், அவர் முகம் சுண்டிப் போய் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் மனசு வரவில்லை. உன்னிடம் என்ன மறைப்பு, அன்றைக்கு நீ அனுப்பின அந்த அறைப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தேன். நல்ல அறைதான், விரிப்புகூட எனக்குப் பிடித்த நீலம். இருந்தும் எனக்கு அழுகைதான் வந்தது.

மறுநாள் ஒரு வக்கீல் தன் கறுப்புக் கோட்டை அவசரமாகக் கேட்டிருந்தார். அதைக் கடைச் சுவரில் ஆணியில் மாட்டி நீராவி இஸ்திரிப் பெட்டியால் ஆவி காட்டினேன். முடித்துவிட்டுக் கோட்டை எடுத்தால் பின்னால் சுவர் முழுக்கக் கொப்புளம், கோட்டின் முதுகில் ரோஸ் திட்டு. எனக்கு வந்ததே கோபம், என்ன மட்டமான சரக்கு இது என்று அப்பாவைக் கூப்பிட்டுக் கத்த ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டேன். நகத்தால் தொட்டுப் பார்த்தேன், பால் ஆடை மாதிரி வழித்துக்கொண்டு வந்தது. அடியில் பழைய சுண்ணாம்பு ஒரு கீறல் இல்லாமல் அப்படியே இருந்தது. உடனே அந்த அதிகாரிப் பெண்ணுக்குப் போன் போட்டேன். பின்பக்க மூலையில் கையகலத்துக்கு முதலில் செய்து பாருங்கள், ஆவியை ஒரே இடத்தில் பிடித்து நிற்காதீர்கள், மரக்கரண்டியால் வழியுங்கள் என்றாள். வக்கீல் கோட்டை ஊறவைத்துத் துவைத்துக் கொடுத்துவிட்டேன், அவருக்கு ஒன்றும் தெரியாது, நீயும் சொல்லிவிடாதே.

அப்புறம் பார்க்க வேண்டுமே கூத்தை! எங்கெங்கேயோ இருந்தெல்லாம் ஆவிப் பெட்டி வந்தது, சலவைக்கடைக்காரர் தன் பெரிய மெஷினையே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். எத்தனை வீட்டுச் சமையலறையில் மரக்கரண்டி காணாமல் போயிற்றோ. எல்லாரும் ஒரே நேரத்தில் சுவிட்சைப் போட்டு ப்யூஸ் போக, ஓடி ஓடி மாட்டின எலக்ட்ரீஷியன் எங்களுக்குக் கொடுத்த அர்ச்சனையை இங்கே எழுத முடியாது. காய் வாங்க வந்தவர்கள் பையைக் கீழே வைத்துவிட்டு ஒரு கை பார்த்துவிட்டுப் போனார்கள். ஏணியில் அப்பாவும் நானும் ஒரு ஜோடி, நான் ஆவி காட்ட அவர் வழிப்பார். தலையெல்லாம் ரோஸ் துணுக்கு ஒட்டிக்கொண்டு அவர் இறங்கி வந்ததைப் பார்த்து நான் சிரிக்க, அவரும் சிரித்துவிட்டார். அதன் பிறகுதான் மனிதர் ஒழுங்காகச் சாப்பிட்டார்.

அந்தப் பெண் சொன்னபடியே திரும்பி வந்தாள். மேல் இடுக்குகளில் இன்னும் கொஞ்சம் ரோஸ் இருக்கத்தான் செய்தது, அது பரவாயில்லை என்றுவிட்டாள். சுவரைக் கையால் தடவிக்கொண்டே கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். சிபாரிசு பண்ணுகிறேன், பட்டியலில் வந்துவிடும் என்றதும் பாத்திரக்கடைக்காரர் ஓரமாகப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் ஒன்று, கட்டடத்துக்குப் பொறுப்பாளர் என்று ஒருவர் வேண்டுமாம். "வருஷா வருஷம் சுண்ணாம்பு அடிக்கணும், விரிசல் விழுந்தா உடனே சொல்லணும். எங்கயும் போகாம இங்கயே இருக்கறவங்களா ஒருத்தர் வேணும்" என்றாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அப்பா மட்டும் தரையைப் பார்த்தார், அவருக்குத்தான் நீ எங்களுக்காக ஒழித்து வைத்த அறை தெரியுமே. "நான் இருக்கேம்மா. நான் இங்கதான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டேன்.

உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் சொல்லிவிட்டேன். போனில் சொன்னால் நீ அழுவாய், நானும் அழுவேன், அப்பா போனைப் பிடுங்கி அங்கே மழை உண்டா என்று கேட்பார். உன் மேல் ஆசை இல்லாமல் இல்லைடி. ஆனால் போக்கிடம் இல்லாமல் உன் வீட்டுக்கு வருவது வேறு, உன்னைப் பார்க்கவென்றே வருவது வேறு. நான் ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறேன், அதை முதலில் உனக்குத்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

மாப்பிள்ளையைக் குனிந்து கனம் தூக்க வேண்டாம் என்று சொல், இடுப்பு வலி சும்மா போகாது. குட்டிக்கு வெளியே போகும்போது காதை மூடிவிடு. மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், குறை ஒன்றும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும் என்று அப்பாவும் நானும் மனசார வாழ்த்துகிறோம். மழை விட்டதும் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து முடித்துவிட்டு அங்கே வருகிறோம், கட்டிலை எடுத்துவிடாதே. டிக்கெட் எடுக்கும்போது மட்டும் மறக்காமல் திரும்பி வருவதற்கும் சேர்த்தே எடுத்துவிடு.

இப்படிக்கு,
சந்தைக் கூடத்தின் பொறுப்பாளர்,
உன் அம்மா