இரண்டு ஓலைக்கும் ஒரே விடை

நலமே பெருகுக. குமிழி நாட்டின் தென்னெல்லை காக்கும் கல்மதிலூர்க் கோட்டைக்கு உரியவரும், மூன்று போர்களில் முன்னணி நின்றவரும், யானைப்படைக்கும் குதிரைப்படைக்கும் தலைவருமாகிய தண்டநாயகர் அரையன் வயிரமேகனார் திருமுன்பு, பொன்வாயில் அரண்மனையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஓலைநாயகமாக இருந்து அரசரின் திருவாய்மொழிகளை எழுதியும் எழுதுவித்தும் வரும் ஆதன் எழினி, வெள்ளாழி ஏரிக்கரையிலிருந்து வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் கோட்டையும் குடியும் நலமாகுக. தங்கள் படைவீரர் பிணியின்றி இருக்க. நம் நாட்டு ஓலை வழக்கப்படி 'ஏரி நிரம்புக' என்று வாழ்த்தியே தொடங்கியிருக்க வேண்டும். இம்முறை அதை எழுதக் கை வரவில்லை, பொறுத்தருள்க.

தங்கள் காவலில் மடைக்காவலன் விண்ணன் என்பவன் விலங்கிடப்பட்டுக் கிடக்கிறான். வெள்ளாழி ஏரி உடைந்து ஏழு ஊர்கள் அழிந்த பழிக்காக அவனை வரும் வியாழக்கிழமை தலைவாங்க வேண்டும் என்று அமைச்சர் அவை அரசரிடம் விண்ணப்பித்து, அதன் தலைப்பில் அரசர் தம் கையால் 'ஆகட்டும்' என்று எழுதிய ஓலையைத் தாங்கள் பெற்றிருப்பீர்கள். நான் எழுதுவது அதைப் பற்றியே. அவனுக்காக எழுதுகிறேன், அவனுக்காக எழுத வேறு எவரும் இல்லை.

நடந்ததைத் தாங்கள் பலர் வாயால் கேட்டிருக்கலாம். ஏரிக்கரையில் நின்றவன் வாயால் ஒருமுறை கேளுங்கள். இந்த ஐப்பசியில் மழை பதினோரு நாள் விடாது பெய்தது. ஏரி விளிம்பு தட்டியது. தென்கரையில் நீர் கசியத் தொடங்கியதைக் கண்ட ஏரி வாரியத்தார், மிகுநீர் போக்கும் வடகலிங்கில் அடைத்துள்ள பன்னிரண்டு பலகைகளையும் எடுத்து நீரைப் பழைய வாய்க்காலில் விடுவதற்கு அருள் வேண்டும் என்று அரசருக்கு ஓலை விடுத்தனர். அந்த வாய்க்காலின் படுகையிலோ நம் நாற்றிசை வணிகர் கணத்தார் பண்டசாலைகள் கட்டி வைத்திருந்தனர். மிளகும் துணியும் உப்பும் அங்கே கூரை முட்ட அடுக்கிக் கிடந்தன. ஆகையால், சரக்கை மேட்டுக்கு ஏற்றி முடிக்கும்வரை பலகைகளை எவரும் தொடாதிருக்க அருள் வேண்டும் என்று அவர்களும் அதே நாளில் ஓலை விடுத்தனர். இரண்டும் ஒரே காலையில் அரசர் முன் வைக்கப்பட்டன. வைத்தவன் நான். இரண்டின் தலைப்பிலும் அரசர் 'ஆகட்டும்' என்று எழுதினார்.

அவ்விரண்டு ஓலைகளுக்கும் அரக்கு வைத்து முத்திரை இட்டவனும் நானே. இட்டபோது நான் ஒரு கணமும் தயங்கவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. இப்படிப்பட்ட ஓலைகள் மாதத்துக்கு நாற்பது போகும். அவற்றை வாங்கியவர்கள் தமக்குள் இழுத்துப் பறித்து ஏதோ ஒரு வழி கண்டுகொள்வார்கள். அதற்குப் பெயர் ஆட்சி என்று நாங்கள் அனைவரும் நம்பியிருந்தோம்.

இச்சொல் எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோமுடிச் செல்வர் பட்டம் ஏறியபோது அவருக்கு வயது பதினேழு. முதல் நாள் அவையில் எல்லை வழக்கு ஒன்று வந்தது. இரு ஊரார் நின்றனர். அரசருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கண்கள் கலங்க என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வாயசைத்து 'ஆகட்டும்' என்று சொல்லிக் கொடுத்தேன். அவரும் சொன்னார். இரு ஊராரும் தத்தமக்கே வெற்றி என்று மகிழ்ந்து வணங்கிப் போனார்கள். அன்று அவையே சிரித்தது, நானும் சிரித்தேன். பிறகு அதுவே பழகிவிட்டது. தெளிவாக ஒன்றைச் சொல்லாத அரசர் இருந்தால் அதிகாரிகளுக்கு எவ்வளவு வசதி என்பதைத் தாங்களும் அறிவீர்கள், தண்டநாயகரே. பெருவழி தங்கள் ஊர் வழியாக வளைந்து போனதும் ஓர் ஆகட்டும்தான். வாய்க்கால் படுகையில் பண்டசாலை எழும்பியதும் ஓர் ஆகட்டும்தான். தலை ஆடாமல் இருந்தால் கைகள் தம் விருப்பப்படி ஆடலாம் அல்லவா? ஆடினோம். ஒருவர் மட்டுமல்லர், எல்லோரும்.

வணிகர் கணத்தின் தலைவர் எட்டி சாத்தந்தையார் நல்லவர். எவர் வீட்டுத் துக்கத்திலும் முதலில் அழுபவர். ஆனால் ஓலைகள் வந்து சேர்ந்த பின் கழிந்த நான்கு நாளில் அவர் செய்ததைக் கேளுங்கள். இருநூறு வண்டிகள் மாடு பூட்டியபடி வாய்க்கால் கரையில் நின்றன. யார் சரக்கை முதலில் ஏற்றுவது என்ற பேச்சு எழுந்தது. மிளகுக்காரர் துணிக்காரர் முதலில் ஏற்றட்டும் என்றனர். துணிக்காரர் உப்புக்காரரைக் காட்டினர். உப்புக்காரரோ தம் மூட்டைகள் நனைந்தால் மற்றவர் பங்கு தருவரா என்று கேட்டனர். இன்னார் முதலில் என்று சாத்தந்தையார் ஒரு சொல் சொல்லியிருந்தால் இரண்டே நாளில் படுகை காலியாகியிருக்கும். எவர் மனமும் கோணலாகாது என்பதற்காக, நாளை கூடிப் பேசுவோம் என்று அவர் ஒவ்வொரு மாலையும் கூட்டத்தைக் கலைத்தார். மாடுகள் நுகத்தடியிலேயே படுத்து எழுந்தன. அரண்மனையில் இருந்த நோய் கடைத்தெருவிலும் இருந்தது. எது எதிலிருந்து தொற்றியது என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது.

நான்காம் நாள் உச்சிப்பொழுதில் நான் ஏரிக்கரை வந்து சேர்ந்தேன். விண்ணன் கலிங்கின் மேல், தூறலில் நனைந்தபடி, கையில் கடப்பாரையோடு நின்றான். அவனுக்கு எழுத்து தெரியாது. இரு தரப்பாரும் தந்த ஓலைப்படிகளைப் பிறர் படிக்கக் கேட்டு, வாரியத்தார் ஓலையை இடப்பக்கமும் வணிகர் ஓலையை வலப்பக்கமும் மடியில் செருகியிருந்தான். அவற்றை எடுத்து என்னிடம் நீட்டி அவன் சொன்னதை அவன் சொன்னபடியே எழுதுகிறேன்: "சாமி, ரெண்டுலயும் ஒரே சொல்லுதான் இருக்குங்கறாங்க. நான் எதைக் கேக்கறது? தென்கரை இன்னைப் பொழுது தாங்காது. பலகைய உருவுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, உருவிப்புடுறேன். ராசா வேணாம், நீங்க சொன்னாப் போதும்."

என் விரலில் அரச முத்திரை மோதிரம் இருந்தது. என் சொல்லை அந்தக் கரையில் மறுப்பார் எவரும் இல்லை. இடப்புறம் திரும்பினால் கசியும் கரையும் அதன் கீழே கூரைகளும் தெரிந்தன. வலப்புறம் திரும்பினால் பண்டசாலைகளும், அவற்றின் வாசலில் என்னைக் கும்பிட்டு நின்ற வணிகர்களும் தெரிந்தனர். அவர்களில் இருவர் என் மகள் திருமணத்துக்கு வந்து உண்டவர்கள். நான் விண்ணனைப் பார்த்து, அரசரிடம் தெளிவாகக் கேட்டு வரக் குதிரை விடுகிறேன், அதுவரை பொறு என்றேன்.

அவன் பொறுத்தான். குதிரை முதல் சாவடியைக் கடப்பதற்குள் தென்கரை உடைந்தது. அந்த ஓசையை நான் எழுதப் போவதில்லை. வணிகர்களின் சரக்கில் ஒரு மூட்டையும் நனையவில்லை. ஏழு ஊர்களில் எஞ்சியவர் இப்போது அந்தப் பண்டசாலைகளின் நிழலில்தான் ஒதுங்கியிருக்கின்றனர். உள்ளே விடலாமா என்று வணிகர் கணம் நாளை கூடிப் பேசும் என்று சொல்லப்படுகிறது.

பிறகு பழி சுமத்த ஓர் ஆள் தேவைப்பட்டது. நாங்கள் கேட்டோம், அரசர் இசைந்தார் என்று வாரியத்தார் ஓலையைக் காட்டினர். வணிகர்களும் அவ்வாறே காட்டினர். என்னிடம் மோதிரம் இருந்தது. விண்ணன் கையில் இருந்த இரண்டு படிகளும் பிறர் பெயருக்கு எழுதப்பட்டவை. அவன் பெயருக்கு ஒன்றும் இல்லை. ஆகையால் அவன்தான் என்று அவை முடிவு செய்தது. நான் அந்த அவையில் இருந்தேன். பேசவில்லை.

இப்போது என் நண்பர்கள், விண்ணனை மன்னிக்குமாறு அரசருக்கு ஒரு விண்ணப்பம் விடுக்கலாமே என்கின்றனர். விடுத்தால் என்ன வரும் என்று எனக்கும் தெரியும், தங்களுக்கும் தெரியும். அதன் தலைப்பிலும் அதே சொல் எழுதப்பட்டு வரும். கொல்லுமாறு ஓர் ஓலையும் விடுமாறு ஓர் ஓலையும் ஒரே கையெழுத்தோடு தங்கள் முன் கிடக்கும். கலிங்கின் மேல் அவன் நின்றதுபோலவே தாங்கள் தங்கள் கோட்டையில் நிற்பீர்கள். ஆகவே நான் அரசரிடம் கேட்கவில்லை.

நாட்டில் வேறொரு பேச்சும் நடக்கிறது. இனி வலிய தலைவர் ஒருவர் வேண்டும், வாள் பிடித்த தண்டநாயகரே அதற்குத் தக்கவர் என்று கடைத்தெருவில் சொல்கிறார்கள். தங்கள் காதுக்கும் எட்டியிருக்கும், இனித்தும் இருக்கும். சினம் கொள்ள வேண்டாம். வாள் இருப்பதாலும் குரல் ஓங்கி இருப்பதாலும் ஒருவர் தலைவர் ஆவதில்லை. செய் என்றோ செய்யாதே என்றோ ஒன்றைச் சொல்லிவிட்டு, அதனால் கெடுபவர் வந்து வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றும்போது, கதவைச் சாத்தாமல் எதிரே நிற்பவரே தலைவர். அப்படி ஒருவரை நான் இந்நாட்டில் தேடிப் பார்த்துவிட்டேன். அரண்மனையில் இல்லை, வணிகர் கணத்தில் இல்லை, தங்கள் பாசறையிலும் இருப்பதாகத் தெரியவில்லை. என்னிடம் இல்லை என்பது ஏழு ஊருக்கும் தெரிந்துவிட்டது. பட்டத்து இளவரசியாருக்கு ஆறு வயது. பொம்மையை எவர் கேட்டாலும் ஆகட்டும் என்று அழகாகச் சொல்கிறார் எனத் தாதியர் பூரித்துப் போகின்றனர். இனி ஒரு தலைமுறைக்கு இப்படியேதான்.

ஆயினும் ஓர் உயிரளவுக்காவது ஒரு தெளிவான சொல் இந்நாட்டில் எழுதப்பட வேண்டும் என்பதால், அரசரைக் கேளாமலும் அவையைக் கூட்டாமலும் இவ்வோலையை நானே எழுதினேன். எழுத்தனைக் கொண்டு எழுதுவிக்கவில்லை. இவ்வோலை கண்ட அந்த நேரமே மடைக்காவலன் விண்ணனின் விலங்கை வெட்டி அவனை வெளியே விடுக. அவனுக்குப் பதிலாக ஒரு தலை வேண்டுமென்றால், நான் வெள்ளாழி ஏரியின் உடைந்த கரையில்தான் இருக்கிறேன். ஆள் அனுப்புக, உடன் வருவேன். இப்படி ஆணையிட எனக்கு உரிமை இல்லை என்பதை அறிவேன். தாங்கள் இதைப் படித்துவிட்டு, எதற்கும் அரசரைக் கேட்டுவிடுவோம் என்று குதிரை விடக்கூடும் என்பதையும் அறிவேன். அங்ஙனம் விட்டால் வியாழன் முந்திவிடும். ஐப்பசித் திங்கள் தேய்பிறை ஏழாம் நாள், மோதிரத்தை அரக்கில் அழுத்தி, மோதிரத்தையும் இவ்வோலையோடு கட்டி விடுத்தேன். இவை ஓலைநாயகமாக இருந்த ஆதன் எழினியின் எழுத்து.

இன்னும் ஒன்று. விண்ணனின் ஊர் தென்புன்னை. ஏழு ஊர்களில் கரைக்கு மிக நெருங்கி இருந்தது அதுவே. அவன் மனைவியும் இரண்டு பெண்மக்களும் அன்று வீட்டில் இருந்தனர். கலிங்கைவிட்டு மடைக்காவலன் அகலலாகாது என்பது முறை. நானும் பொறு என்று சொல்லியிருந்தேன். அதனால் அவன் போகவில்லை. விலங்கை வெட்டியபின் அவனுக்கு ஒருவேளைச் சோறு இடுக. உடுக்க ஒரு துணி தருக. எங்கே போகிறாய் என்று மட்டும் ஒருவரும் அவனைக் கேட்கலாகாது. இது ஆணை.