உன் கையொப்பம் இல்லாத கோப்பு

இன்று காலை கட்டுகஸ்தோட்டையில், நான் இப்போது வேலை செய்யும் அலுவலகத்தில் எக்செலைத் திறந்ததும் திரையின் மேலே மஞ்சள் நிறத்தில் ஒரு பட்டி வந்து நின்றது. பாதுகாப்பு எச்சரிக்கை, மேக்ரோக்கள் முடக்கப்பட்டுள்ளன. அதன் ஓரத்தில், அவற்றை இயங்கவிடும் அந்த 'எனேபிள்' பொத்தான். பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "அது சும்மா வர்றதுதான் மிஸ், எனேபிள் குடுங்க" என்றார். நான் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். வாயெல்லாம் கசந்தது. பிளேன்டீ குடித்தும் அந்தக் கசப்பு போகவில்லை. உன்னிடம் சொன்னால்தான் போகும் என்று தோன்றுகிறது. அதனால் எழுதுகிறேன்.

அந்த மருந்து விநியோகக் கொம்பனியில் நாம் இருவரும் ஒரே மாதத்தில் சேர்ந்தோம். நான் பில் போடும் பிரிவு, நீ ஸ்டோர் இருப்பைப் பார்க்கும் பிரிவு. நான் டவுனிலேயே பிறந்து வளர்ந்தவள். நீ பன்வில தோட்டத்திலிருந்து, வத்தேகம வழியாக வரும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து சேர்வாய். காயாத தலைமுடியைக் கொண்டையாக முடிந்திருப்பாய். வந்ததும் கதிரையை இழுத்துப் போட்டு, யாருக்கும் காலை வணக்கம் சொல்லாமல் கணினியைத் திறப்பாய். உனக்குத் தலைக்கனம் என்று ஆபிசில் பேசிக்கொண்டார்கள். இருந்தது, நான் மறுக்கமாட்டேன். டிப்ளோமா முடித்த கையோடு வந்தவள். உன்னைவிடத் தெரிந்தவர் அந்தக் கட்டடத்தில் இல்லை என்பதும் உனக்குத் தெரியும். அதை மறைக்கும் பொறுமைதான் உனக்குக் கிடையாது.

அந்தச் சிறிய நிரலை நீ எழுதியது சேர்ந்து சில காலத்துக்குப் பிறகு. எக்செலோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்யும் எட்-இன். பில் போடும்போது அது ஒவ்வொரு மருந்தின் காலாவதித் திகதியையும் பார்க்கும். திகதி நெருங்கியிருந்தால் கட்டம் சிவப்பாகும். கடந்திருந்தால் பில்லே அச்சாகாது. அதற்கு நீ டிஜிட்டல் கையொப்பம் இட்டிருந்தாய். அதென்ன கையொப்பம் என்று நான் கேட்டபோது, மீன் ரோல்ஸைக் கடித்துக்கொண்டே விளக்கினாய்.

"நான் எழுதினதுல வேற யாராவது ஒரு எழுத்த மாத்தினாலும் இந்தக் கையொப்பம் கழண்டு போயிரும்டி. அப்போ கம்பியூட்டரே எச்சரிக்கை காட்டும். என்னோடதுன்னா ஒரு சத்தமும் இல்லாம தெறக்கும்."

அப்படிக் கையொப்பமிட ஒரு சான்றிதழ் தேவை. ஆளை விசாரித்து, உறுதிப்படுத்திய பிறகு அதை வழங்குவதற்கென்றே வெளியில் நிறுவனங்கள் இருக்கின்றன. அப்படியொன்றை வாங்கித் தரும்படி நீ முகாமையாளரிடம் கேட்டாய். "நம்ம ஆபிசுக்குள்ள பாவிக்கிறதுக்கு எதுக்கு மிஸ் அதெல்லாம்?" என்றார். ஆகவே உன் கணினியிலேயே ஒரு சான்றிதழை நீயாக உருவாக்கினாய். பிறகு ஒவ்வொரு மேசையாக வந்து, இதை நம்பலாம் என்று எங்கள் கணினிகளில் பதிந்துவிட்டுப் போனாய். இந்த ஒன்றை நான் இன்றும் மென்று விழுங்கமுடியாமல் வைத்திருக்கிறேன்.

ஸ்டோரில் பழைய சரக்கு சேர்ந்தது. விற்பனைப் பையோடு திரியும் ஆட்கள், பில் நிற்கிறது, கடைக்காரர்கள் ஏசுகிறார்கள் என்று முறையிட்டார்கள். முகாமையாளர் உன்னைக் கூப்பிட்டு, திகதி பார்க்கும் பகுதியைக் கொஞ்ச நாளைக்கு எடுத்துவிடச் சொன்னார். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே பேசியது எனக்கும் கேட்டது.

"என் கையொப்பத்தோட அப்படி ஒண்ணு போகாது சேர்."

"ஒரு மாசத்துக்குத்தானே மிஸ்."

"ஒரு நாளைக்கும் போகாது."

நீ வெளியே வந்தபோது உன் காதுமடல் சிவந்திருந்தது. அன்று மாலை ஏரிக்கரையோரமாக பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தபோது தங்கைக்கு வாங்கிய செருப்பு அளவு சரியில்லை, மாற்றவேண்டும் என்பதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாய்.

அடுத்த திங்கட்கிழமை எல்லாக் கணினியிலும் அந்த மஞ்சள் பட்டி வந்தது. நீ உன் திரையைப் பார்த்தாய், பிறகு என்னுடையதைப் பார்த்தாய். "இது என்னோடது இல்ல. யாரோ உள்ள கை வச்சிருக்காங்க" என்றாய். நிரலுக்கு நீ போட்டிருந்த கடவுச்சொல்லை உடைத்து உள்ளே போவது பெரிய வித்தையல்ல, தெரிந்த ஆள் யாரையாவது வெளியிலிருந்து கூட்டிவந்திருப்பார்கள் என்றாய். மேசை மேசையாகப் போய், அழுத்தாதீங்க, நான் பாத்துச் சொல்ற வரைக்கும் அழுத்தாதீங்க என்று கெஞ்சினாய். நீ யாரிடமும் கெஞ்சி அதற்கு முன் நான் பார்த்ததில்லை. கொழும்புத் தலைமை அலுவலகத்தில் கணினிகளுக்குப் பொறுப்பானவருக்குத் தொலைபேசி எடுத்தாய். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எங்களுக்கும் கேட்டது. "ஆ, அந்த வோர்னிங் எல்லா இடத்திலயும் வரும் மிஸ். எனேபிள் பண்ணிட்டு வேலையப் பாருங்க."

முகாமையாளர் அறைக்குள்ளிருந்து வந்தார். "லொறி ரெண்டு வெளிய நிக்குது. எல்லாரும் எனேபிள் குடுங்க." குடுத்தார்கள். நான் உன்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் என் மேசைக்கு வந்து, குனிந்து, மவுஸைத் தானே வாங்கி அழுத்தினார். அவருடைய சட்டைக் கையிலிருந்து வந்த சவர்க்கார வாசனைகூட எனக்கு நினைவிருக்கிறது. பில் அச்சாகத் தொடங்கியது. ஒரு கட்டமும் சிவக்கவில்லை.

அன்று போன பெட்டிகளில் ஒன்று உன் ஊருக்கே போயிற்று. பன்வில கடைத்தெருவிலுள்ள பாமசி ஒன்றுக்கு. பிள்ளைகளுக்குக் கொடுக்கும், போத்தலில் வரும் அன்டிபயோட்டிக் பாணி மருந்து, திகதி கடந்தது. பாமசிக்காரரும் போத்தலைத் திருப்பிப் பார்க்கவில்லை. தோட்டத்து வரிசை வீடுகளில், உங்கள் லயத்துக்கு அடுத்த லயத்தில் ஒரு சிறுமிக்கு நெஞ்சில் சளி கட்டியிருந்தது. பாணியைக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள், காய்ச்சல் இறங்கவில்லை. மூச்சுத் திணறிய பிறகுதான் பேராதனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். போத்தலைப் பார்த்த டொக்டர்தான் திகதியைக் கண்டுபிடித்தார். பிள்ளை பிழைத்துக்கொண்டது. அது மட்டும் நடந்தது, நல்லவேளை.

வார்ட்டுக்கு நீ என்னையும் கூட்டிக்கொண்டு போனாய். தோடம்பழம் வாங்கியிருந்தாய். பிள்ளையின் அம்மா பழத்தை வாங்கவில்லை.

"ஒங்க கொம்பனி மருந்துதான? நீதான் அங்க கம்பியூட்டர்ல எல்லாம் பாக்குறன்னு ஒங்கப்பா பெருமையா சொல்லிக்கிட்டு இருந்தாரு."

நீ பழப்பையைக் கட்டிலின் காலடியில் வைத்தாய். திரும்பி வரும்போது பேராதனைச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றோம். வந்த பஸ்ஸையெல்லாம் விட்டுக்கொண்டிருந்தாய்.

விசாரணைக்குக் கொழும்பிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். சாட்சி சொல்ல நானும் உள்ளே இருந்தேன். அந்த உரையாடலை நான் தூக்கத்திலும் ஒப்பிப்பேன்.

"கோப்புல உங்க பேர் இருக்குதானே மிஸ்?"

"பேர் இருக்கு சேர். எழுதினது நான்தான். ஆனா இப்ப இருக்கிறதுல என் கையொப்பம் இல்ல. யாரோ மாத்தினதாலதான் அது இல்லாமப் போச்சு. அன்னைக்கு எல்லாருக்கும் எச்சரிக்கை வந்துச்சு. அதுதான் சாட்சி."

"அந்தக் கையொப்பத்துக்குச் சான்றிதழ் யார் தந்தது?"

"நானே செஞ்சது. வெளியில வாங்கித் தரச் சொல்லிக் கேட்டேன். வேணாம்னாங்க."

"அப்போ நீங்களே செஞ்ச ஒண்ண உங்களுக்கே சாட்சியா காட்டுறீங்க."

ஒருவர் சிரித்தார். சத்தமாக அல்ல, மூக்கால். நான் எழுந்து, முகாமையாளர் என் மவுஸை வாங்கித் தன் கையாலேயே அழுத்தினார் என்று சொன்னேன். "நீங்க கம்பியூட்டர் படிச்சவங்களா மிஸ்?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். நன்றி சொல்லி உட்காரச் சொன்னார்கள். முகாமையாளர் மேசையில் கைகளைக் கோத்து வைத்துக்கொண்டு, உன்னைப் பார்த்து மிகவும் வருத்தப்படுகிற முகத்தோடு இருந்தார்.

யோசித்துப் பார். கோப்பில் பெயரைப் போட்டவள் நீ ஒருத்திதான். உள்ளே கைவைத்தவன் பெயர் போடவில்லை, வைக்கச் சொன்னவரும் போடவில்லை, அழுத்தியவர்கள் யாரும் போடவில்லை. தேடியவர்களின் கையில் அகப்பட்டது நீ மட்டும்.

வேலையிலிருந்து நீக்கவில்லை. நீயாக விலகினால் நல்லது என்றார்கள். விலகினாய். சேவைச் சான்றிதழ் கேட்டால் பார்க்கலாம் என்றார்கள். பிறகு நீ வேலை கேட்டுப் போன இடத்திலிருந்தெல்லாம் பழைய ஆபிசுக்கு ஒரு தொலைபேசி போகும், உனக்குப் பதில் வராது. கடைசியில் வத்தேகமவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கணினி வகுப்பு எடுத்தாய். நானும் அங்கே இருக்கமுடியாமல் வேறு வேலை தேடி வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தித்தோம். மாதா கோயிலுக்கு உன் ஊரில் போகாமல் டவுனுக்கு வந்தாய், பூசை முடிந்ததும் என் வீட்டில் சாப்பிட்டாய். ஊரில் ஏன் போவதில்லை என்று அம்மா கேட்டபோது, "அங்க பாட்டு சரியில்ல அம்மா" என்றாய்.

டெங்கு பரவிய மழைக்காலத்தில் நீயும் காய்ச்சல் கண்டு இறந்துபோனாய். மனமுடைந்து போய்விட்டாள் என்று சிலர் சொல்கிறார்கள். அவர்களோடு நான் சண்டை பிடிக்கிறேன். நீ மனமுடைகிற ஆள் இல்லை. அதற்கு முந்திய வாரம்கூட என்னோடு ஒரு சேலையின் நிறத்துக்காக வாக்குவாதப்பட்டாய். உன்னைக் கொன்றது நுளம்புக்கடி. கொம்பனிக்காரர்கள் உன்னிடமிருந்து எடுத்தது வேறொன்று. உன் மரணத்தைக் காட்டி அதை மூடிவிட நான் விடமாட்டேன்.

செத்த வீட்டுக்குக் கொம்பனியிலிருந்து மலர்வளையம் வந்தது. முகாமையாளரும் வெள்ளைச் சட்டையில் வந்து, "நல்ல புள்ள" என்று உன் அப்பாவின் கையைப் பிடித்தார். அவர் போன பிறகு உன் அப்பா என்னை லயத்தின் பின்பக்கம் கூட்டிப்போனார்.

"மகள், தப்பு எங்க புள்ள மேலயா?"

"இல்லப்பா. அவ மேல ஒரு தப்பும் இல்ல."

"அத அவங்க வாயால சொல்லுவாங்களா?"

நான் போய்க் கேட்டேன். முகாமையாளர் அப்போது இன்னும் பெரிய அறைக்கு மாறியிருந்தார். "அது முடிஞ்ச விசயம்தானே மிஸ். இப்ப எதுக்குக் கிளறுறீங்க?" என்றார். தேநீர் வேண்டுமா என்றும் கேட்டார். வேண்டாம் என்று எழுந்து வந்தேன்.

இதை அப்பாவிடம் அப்படியே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "அப்போ நீங்க சொல்லுங்க மகள்" என்றார். அன்று தொடங்கியது. நான் பன்வில போகும்போதெல்லாம் யாராவது ஒருவருடைய வீட்டுக்கு அவர் என்னைக் கூட்டிப்போவார். "இவங்க எங்க புள்ளயோட ஒண்ணா வேலை செஞ்சவங்க, கேளுங்க" என்று சொல்லிவிட்டு வாசலிலேயே நிற்பார். நான் கையொப்பத்தில் தொடங்கி எல்லாவற்றையும் சொல்வேன். சிலர் தலையாட்டுவார்கள். சிலர் என் முகத்தைப் பார்க்கமாட்டார்கள்.

போன மாதம் அந்தச் சிறுமியின் வீட்டுக்குக் கூட்டிப்போனார். பிள்ளையின் அம்மா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு முழுவதும் கேட்டாள்.

"அப்போ யாரு செஞ்சது?"

நான் முகாமையாளரின் பெயரைச் சொன்னேன். இப்போது அவர் வகிக்கும் பதவியையும் சொன்னேன்.

"இன்னும் வேலையில இருக்காரா?"

"இருக்காரு."

அவள் உள்ளே போய் ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டாள். எனக்கல்ல, உன் அப்பாவுக்கு. அவர் வெகுநேரம் உட்காராமல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உட்கார்ந்தார்.

அந்த லய வரிசையில் நாங்கள் இன்னும் போகாத வீடுகள் இருக்கின்றன. வருகிற ஞாயிறு போகிறேன்.