நிழல் இல்லாத பால்கனி

செவ்வாய்க்கிழமை, இரவு.

உடம்பெல்லாம் அசதி. ஆனாலும் தூக்கம் வரவில்லை.

இன்று ராமச்சந்திராபுரத்திலிருந்து ஒரு தமிழ்த் தம்பதி எங்கள் பில்டர் ஆபீசுக்கு வீடு பார்க்க வந்தார்கள். இன்னும் கட்டாத வீடு. கம்ப்யூட்டரில் நான் முப்பரிமாணத்தில் செய்து வைத்திருந்ததைச் சுற்றிக் காட்டினேன். பால்கனி முழுக்க வெயில்.

"இங்கயே வடாம் காயப் போடலாம் போலருக்கேம்மா," என்றார் அந்த அம்மாள்.

மனைக்குப் பக்கத்தில் நிஜமாகவே நிற்கும் ஆறு மாடிக் கட்டடத்தையும் நான் செய்திருந்தேன். "வோ பில்டிங் நக்கோ, ஹைட் கரோ," அந்தக் கட்டடம் வேண்டாம், மறைத்துவிடு என்று மானேஜர் போன வாரமே சொல்லிவிட்டார். மறைத்தேன்; பால்கனி மேல் விழுந்த அதன் நிழலும் போய்விட்டது.

"நம்ம தமிழ்ப் பொண்ணு காட்டறா, அப்புறம் என்ன யோசனை?" என்று அந்த அம்மாள் கணவரை புக்கிங் ஃபாரத்தில் கையெழுத்துப் போட வைத்தார்.

கட்டடத்தைத் திரும்பக் கொண்டுவர ஒரு கிளிக் போதும். மவுஸ் என் கையில்தான் இருந்தது.