லேசான கணக்குக்கு எதுக்கு பஸ்?

திண்டுக்கல்,
திங்கட்கிழமை.

அன்புள்ள ஷாஹினாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் ஃபர்ஹீனும் நலம். சென்னைத் தண்ணீரும் பாடத்திட்டக் கமிட்டிச் சாப்பாடும் உனக்கு ஒத்துக்கொண்டிருக்கும் என்று நம்புகிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் கேள்வியை முடிப்பதற்குள் நீ விடையைச் சொல்லிவிடுவாய். கணக்கு டீச்சரைக் கட்டிக்கொண்டவனுக்கு அது பழகிப்போனதுதான். ஆனால் இதை நீ கடைசி வரை கேட்க வேண்டும். அதனால்தான் கூரியரில் அனுப்புகிறேன்.

கடையில் வியாபாரம் சுமார். மழைக்கால ரப்பர் செருப்புதான் போகிறது, தோல் செருப்பை எடுத்துப் பார்ப்பாரில்லை.

சனிக்கிழமை உங்கள் கமிட்டியின் வரைவுக்கான கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். உன் வீட்டுக்காரன் என்று யாருக்கும் தெரியாதது நல்லதாகப் போயிற்று. பத்தாம் வகுப்பில் இனி இரண்டு கணக்கு, ஒன்று லேசானது, மற்றது கடினமானது, லேசானதை எடுத்தவர்கள் பதினொன்றில் கணக்கு எடுக்க முடியாது என்று அதிகாரி வாசித்தார். ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டிக்காரர் ஒருவர் எழுந்து, "ஏனுங்க, எம்பையன் கணக்குல மட்டுந்தானுங்க கோட்டை விடறான். லேசா ஒண்ணு குடுத்தா பாஸாயிட்டுப் போறானுங்க" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்து சேவியர் வாத்தியார், "எந்தப் பிள்ளைக்கு எதுன்னு யாரு முடிவு பண்றது?" என்று கேட்டார். அதற்கும் அதே ஆட்கள் கை தட்டினார்கள். பிறகு டீயும் பஜ்ஜியும் வந்தன.

சேவியரின் கேள்விக்கு உங்கள் பள்ளியில் ஏற்கெனவே விடை சொல்லிவிட்டார்கள். வரைவு இன்னும் முடிவாகவே இல்லை, ஆனால் உங்கள் ஹெச்.எம். ஒத்திகை என்று சொல்லி ஒன்பதாம் வகுப்பை இப்போதே இரண்டாகப் பிரித்துவிட்டார். காலாண்டு மதிப்பெண்தான் அளவுகோல். ஃபர்ஹீன் அதில் சுமார்தான். ஆனாலும் கமிட்டி டீச்சரின் மகளாயிற்றே, கடினமான பிரிவில் போட்டார்கள். அவள் பக்கத்தில் உட்காரும் சிறுமலைப் பெண் இளவேனிலை லேசான பிரிவில் போட்டார்கள்.

இளவேனிலின் மதிப்பெண் ஏன் குறைந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மலையிலிருந்து வரும் பஸ் முதல் பீரியட் பாதி முடிந்த பிறகுதான் வந்து சேரும். முதல் பீரியட் கணக்கு. விட்டுப்போன பாதியைச் சாப்பாட்டு வேளையில் நீதான் அவளுக்குச் சொல்லிக்கொடுப்பாய். நீ சென்னைக்குப் போன பிறகு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. "அம்மா ஊர்ல இருந்தா அவ என்னைய விட டபுளா வாங்குவா, அத்தா" என்றாள் ஃபர்ஹீன்.

உன் மகள் இப்போது கடினமான பிரிவுக்குப் போவதில்லை. லேசான பிரிவில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். ஹெச்.எம். என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

இளவேனில் ஒரு வாரமாகப் பள்ளிக்கே வரவில்லை. ஃபர்ஹீனின் நச்சரிப்புத் தாங்காமல் நேற்று சிறுமலைக்குப் போனேன். அவளுடைய அப்பா சூசைமாணிக்கம் வாழைத்தார் இறக்கிக்கொண்டிருந்தார். உட்காரவைத்து, பழம் கொடுத்து, கோபமே இல்லாமல் பேசினார். "லேசான கணக்குன்னு எழுதிட்டாகளாம்ல பாய். லேசான கணக்குக்கு எதுக்கு அம்புட்டுத் தூரம் பஸ்ஸு? இனி அவளுக்குப் படிப்பு ஏறாதுன்னுதான அர்த்தம்?" என்றார். வருகிற ஞாயிற்றுக்கிழமை திருப்பூரில் இருக்கும் அத்தை வீட்டுக்கு அனுப்புகிறாராம். அங்கே என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. அந்தப் பெண் கதவோரம் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது, ஷாஹினா.

ஒத்திகைதான், இன்னும் எதுவும் முடிவாகவில்லை என்று எடுத்துச் சொன்னேன். அவர் கேட்கவில்லை. "நீங்க சொன்னா ஆச்சா? டீச்சரம்மா வந்து, இதப் படிச்சாலும் எம்மக மேல வருவான்னு ஒரு வார்த்த சொல்லட்டும். நாளைக்கே அனுப்புறேன்" என்றார்.

நீ ஏன் இந்தத் திட்டத்துக்காக இவ்வளவு பாடுபடுகிறாய் என்பது எனக்குத் தெரியும். உன் தங்கை ஷப்னம் பத்தாவதில் கணக்கில் தோற்றாள். அடுத்த மாதமே அவளுக்கு நிக்காஹ் முடித்துவிட்டார்கள். இன்னொரு பெண்ணுக்கு அப்படி ஆகிவிடக் கூடாது என்று நினைக்கிறாய். அது தப்பென்று செருப்புக் கடைக்காரன் நான் எப்படிச் சொல்வேன்? மண்டிக்காரர் மகனுக்கு இது நல்லதாகவும் இருக்கலாம்.

வெள்ளிக்கிழமை எல்லோரும் வரைவில் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்று சொன்னாய். அதற்கு முன் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வா. பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம், மலைக்கு நானே பைக்கில் அழைத்துப்போகிறேன். அந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டு சூசைமாணிக்கம் கேட்கிற அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல உனக்கு வாய் வந்தால், தாராளமாகப் போய்க் கையெழுத்துப் போடு. நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

வாய் வராவிட்டால் என்ன செய்வாய் என்று ஃபர்ஹீன் கேட்கிறாள். அம்மா வந்ததும் கேட்டுக்கொள் என்று சொல்லியிருக்கிறேன். வா, ஷாஹினா. அல்லாஹ் உன் பயணத்தை லேசாக்குவானாக.

உன்,
முகமது ரஃபீக்