லைன் என்றால் லயம்

ஆகஸ்ட் 14, வியாழன்

கொழும்பிலிருந்து உதைபந்தாட்ட சம்மேளனத்தின் கடிதம் வந்துவிட்டது. தொழில்முறை லீக் ஆட்டங்களை எங்கள் தேயிலைத் தோட்டத்து மைதானத்திலேயே ஆடலாம். விண்ணப்பத்தை மூன்று தடவை திருப்பி அனுப்பியவர்கள்! மனது குளிர்ந்தது.

ஒன்றுதான் உறுத்துகிறது. படிவத்தில் லைன்களின் நிலையை ஆங்கிலத்தில் கேட்டிருந்தார்கள். கிளப் செயலாளர் நான்தான் நிரப்பினேன். தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவனுக்கு லைன் என்றால் வேறென்ன? "ஆறு லைன், எல்லாக் கூரையும் ஒழுகுகிறது" என்று எழுதிவிட்டேன். கேட்டது மைதானத்தின் வெள்ளைக் கோடுகளை. கடிதத்தோடு வந்த வரைபடத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. அங்கே எத்தனை பேர் சிரித்தார்களோ.

அனுமதிக்கு ஒரே நிபந்தனை: முதல் ஆட்டத்துக்குள் எல்லா லைன்களையும் சரிசெய்ய வேண்டும்.

கேப்டன் செல்வம் கடிதத்தை இரண்டு தரம் படித்தான். அவன் சிரிக்கவில்லை.

"கோட்ட நாங்க சுண்ணாம்பு வச்சுப் போட்டுக்கிறோம்ணே. நீங்க இந்தக் கடிதாசிய தொரைகிட்ட காட்டுங்க. கூரைக்கு நாம கேட்டு நடக்கல, இப்ப கொழும்பே கேக்குதுல்ல? படத்த மட்டும் வீட்டுல வச்சுட்டுப் போங்க."

காலையில் துரையின், அதாவது தோட்ட மேனேஜரின், ஆபீசுக்குப் போகிறேன். கடிதத்தை சொப்பிங் பேக்கில் சுற்றி வைத்தாயிற்று. மழை பிடித்துவிட்டது, மேசைக்கு மேலேயும் ஒழுகும்.