கரை ஒதுங்கிய தேக்கும் என் நான்கு பக்கமும்

இன்று காலை பக்கத்து வீட்டில் பழைய தேக்கு உத்தரம் ஒன்றை அறுத்தார்கள். ரெட்டியார்பாளையத்தில் இப்போது மாடி எழுப்பாத வீடே இல்லை. ஓட்டு வீடுகளின் மரமெல்லாம் இப்படித்தான் தெருவில் கிடந்து அறுபடுகிறது. அந்தத் தூளின் வாசனை ஜன்னல் வழியே வந்ததும் கையிலிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டேன். எண்பதைத் தாண்டியவன் அழுதால் வீட்டில் டாக்டரைக் கூப்பிட்டுவிடுவார்கள். அதனால் கதவைச் சாத்திக்கொண்டு உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்த சமயம் அது. நாம் இருவரும் ஒரே ஆபீசில் குமாஸ்தாக்கள். வழக்குத் தாள்களைப் பிரெஞ்சிலிருந்து மாற்றி எழுதுவது என் வேலை, தட்டச்சு செய்வது உன் வேலை. நான் டவுனில் மாதா கோயிலுக்குப் பக்கத்துத் தெரு, சட்டையில் இஸ்திரி கலையாதவன். நீ கனகசெட்டிக்குளத்திலிருந்து சைக்கிள் மிதித்து வருபவன், உன் ஊரில் முதன்முதலாக ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தவன். என்னைப் பிரெஞ்சுத் துரை மாதிரி ‘முசே’ என்று கூப்பிட்டுக் கிண்டல் செய்வாய். பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகும் மதியம் இரண்டு மணி நேரம் ஆபீசைச் சாத்தும் பழக்கம் போகவில்லை. அந்த நேரம் முழுக்க முற்றத்து வேப்பமரத்தடியில் உன் நெத்திலிக் குழம்பைப் பாதி நான் தின்றபடி சண்டை போடுவோம்.

எந்தச் சாதியான் எதனால் திருடுகிறான் என்பதுதான் அந்த வருஷத்துச் சண்டை. ஆபீசின் குற்றப் பேரேட்டைப் பிரித்தால் கரையோரத்து ஆட்களின் பெயர்தான் நிறைய. பிறவியிலேயே அப்படி என்று மற்ற குமாஸ்தாக்கள் சொல்வார்கள். நான் படித்தவன் அல்லவா, அப்படிச் சொல்லமாட்டேன். பிறவி இல்லை, வழக்கமும் வளர்ப்பும்தான் காரணம் என்பேன். பெரிய தர்மம் செய்துவிட்டவன் போல மீசையைத் தடவிக்கொள்வேன்.

ஒருநாள் நீ சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டாய். “எங்க ஊரு எல்லையில இருக்குது. பிரெஞ்சுக்காரன் இருந்தப்ப வரி கட்டாத சரக்க அந்தாண்ட தூக்கிட்டுப் போனவன் எங்க ஆளு. ஜெயிலுக்குப் போனான். தூக்கச் சொன்ன மொதலாளி ஒங்க தெருவுலதான இருந்தாரு? அவரு பேரு ஏன் முசே பேரேட்டுல இல்ல?”

“அது வேற” என்றேன். பதில் தெரியாதபோதெல்லாம் நான் சொல்வது அதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து உன் வீட்டுக்கு வந்தேன். கீற்றுக் கூரைக்கு அடியில் அரண்மனைக்குப் போடுகிற மாதிரி ஒரு தேக்கு உத்தரம். கப்பலில் அடித்த முத்திரை கூட அழியவில்லை. எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். கரை ஒதுங்குகிற பொருளை ஊர் கூடிப் பங்கு போடும் என்றாய். “மொதப் பங்கு கடல்ல போயித் திரும்பாதவன் வூட்டுக்கு. இது எங்க அண்ணன் கடலோட போன அந்த வருசம் ஒதுங்கின மரம்.” உன் அப்பா அதைத் தொட்டுவிட்டுத்தான் தினமும் கடலுக்குப் போவார் என்றும் சொன்னாய். உன் அம்மா எனக்கு இரண்டாவது தடவை சோறு போட்டார்கள்.

அடுத்த மாதம் புதிதாக வந்த அதிகாரி, சில சாதிகளில் குற்றம் ஏன் அதிகம் என்று ஒரு குறிப்பு கேட்டார். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானே முந்திரிக்கொட்டையாய் நீட்டி நான்கு பக்கம் எழுதினேன். வடக்கு எல்லையில் ஒரு மீனவர் ஊர், அங்கே கடல் ஒதுக்கியதைப் பிறர் பொருளாக எண்ணுவதில்லை, கப்பல் மரமே கூரையில் உத்தரமாக நிற்கிறது, இது திருட்டு என்பதே அவர்களுக்குத் தெரியாது, ஆகவே தண்டனையைக் குறைத்துப் பள்ளிக்கூடத்தைக் கூட்ட வேண்டும். உங்களுக்காக வாதாடுவதாகத்தான் நினைத்தேன், சத்தியமாக. ஊர்ப் பெயரை எழுதவில்லை என்று சமாதானம் வேறு. வடக்கு எல்லையில் வேறு எத்தனை மீனவர் ஊர் இருக்கிறது?

ஆனால் அதை உன்னிடம் தட்டச்சுக்குக் கொடுக்காமல் அடுத்த மேஜைக்காரரிடம் கொடுத்தேன். “என்கிட்ட ஏன் குடுக்கல?” என்று கேட்டாய். உனக்கு வேலை அதிகம் என்றேன். செய்வது தப்பென்று எனக்குள் எங்கோ தெரிந்திருக்கிறது.

அதிகாரி என் நடையைப் பாராட்டினார். பள்ளிக்கூடத்தைப் பற்றிய பக்கங்களைப் படித்தாரோ என்னவோ, உத்தரம் இருந்த பக்கத்தைப் போலீசுக்கு அனுப்பிவிட்டார்.

ஒரே வாரத்தில் நான்கு வீட்டுக் கூரையைப் பிரித்தார்கள். மரத்தை மாட்டுவண்டியில் ஏற்றி, நாம் சாப்பிடுகிற அதே முற்றத்தில் இறக்கினார்கள். பின்னாலேயே உன் அப்பா, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு. பட்டியல் எழுத என்னைத்தான் உட்கார வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது.

“தம்பி, நீயாவது சொல்லு. நம்ம வூட்டுல சாப்புட்டியே. அது எதுக்கு வந்த மரம்னு ஒனக்குத் தெரியுமே.”

நீ வாசற்படியில் நின்றிருந்தாய். அதிகாரி என்னைத் திரும்பிப் பார்த்தார். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம், அதுவும் எனக்குத் தெரிந்த வாக்கியம். நான் குனிந்து ‘தேக்கு உத்தரம், ஒன்று’ என்று எழுதினேன்.

அவருக்கு மூன்று மாதம் ஜெயில் போட்டார்கள். தீர்ப்பு வந்த அன்று நீ என் மேஜைக்கு வந்தாய். குறிப்பின் நகலை எப்படியோ படித்திருந்தாய்.

“நல்லா எழுதியிருக்க முசே. ஒரு பிழை இல்ல” என்றாய். குரலை உயர்த்தவில்லை. நீ என்னைத் திட்டியிருக்கலாம், அறைந்திருக்கலாம். மறுநாளிலிருந்து நீ ஆபீசுக்கு வரவில்லை. கட்டுமரம் ஏறிவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். உன் ஊருக்கு வரத் துணிவில்லை. நான்கைந்து வருஷம் அப்படியே ஓட்டினேன்.

பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ஊர் சட்டப்படி முழுசாகக் கைமாறிய வருஷத்து ஐப்பசியில், நீ போன கட்டுமரம் திரும்பவில்லை என்று மீன்காரம்மா ஒருத்தி எங்கள் வாசலில் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள். அன்றுதான் உன் வீட்டுக்கு வந்தேன். உடல் கூடக் கிடைக்கவில்லை. உன் அப்பா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

“அன்னிக்கு நீ பேசாம இருந்தியேன்னு எனக்கு வருத்தந்தான். எம் மவந்தான் சொன்னான். பேசினா அவனுக்கு வேல போயிடும்பா, நல்லவன்பா, மனசுல வச்சிக்காதன்னு.”

நான்கு பக்கத்தைப் பற்றி நீ அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. யார் எழுதித் தன் கூரை பிரிந்தது என்று தெரியாமலே அவர் எனக்கு இலை போட்டார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். “சாப்புடு தம்பி, பசியோட வந்திருப்ப” என்றார். சாப்பிட்டேன்.

பங்குச் சாமியாரிடம் எல்லாவற்றையும் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். ஜெபம் சொல்லச் சொன்னார், சொன்னேன். அவருக்கென்ன, அவர் கூரையா பிரிந்தது? நான் சொல்லியிருக்க வேண்டியது உன் அப்பாவிடம். அவர் அதற்குப் பிறகும் பல வருஷம் இருந்தார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒரு வஞ்சிரத்தை ஈரச் சாக்கில் சுற்றி, என் மகனோட சிநேகிதன் வீட்டில் கொடுத்துவிட்டு வா என்று ஆள் அனுப்புவார். நான் அதை வாங்கிக்கொண்டேன். ஒரு தடவை கூடத் திருப்பி அனுப்பவில்லை.