முகத்துவாரத்துப் பருந்து

ஜூலை 19, சனி

மயிலாப்பூரில் இன்று நண்பன் சரவணனின் ஓவியக் கண்காட்சி. அடையாறு முகத்துவாரத்தை வரைந்த ஓவியத்தின் முன்னால்தான் கூட்டம். அதன் வானத்தில் தனியாக ஒரு பருந்து.

"அந்தப் பருந்து எப்படி மச்சி மாட்டுச்சு?" என்று ஒரு ஓவியர் கேட்டார்.

"அங்கேயே உக்காந்து வரைஞ்சிக்கினு இருந்தேன். அதுவா வந்துச்சு."

சொல்லிவிட்டு சரவணன் என்னைப் பார்த்தான். நானும் தலையாட்டிவிட்டேன்.

அது பருந்தே இல்லை. என் கேமரா சென்சாரில் ஒட்டியிருந்த தூசி. போன மாதம் அவனுக்கு அனுப்பிய என் முகத்துவாரப் புகைப்படத்தில் அதே இடத்தில் அது கரும்புள்ளியாக விழுந்திருக்கிறது. சிறகு மட்டும்தான் அவன் வைத்தது. அதைப் பார்த்து வரையலாமா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சந்தோஷமாகச் சம்மதித்திருப்பேனே.

வீட்டுக்கு வந்து புகைப்படத்தைத் திறந்தேன், புள்ளியை அழித்துவிடலாமென்று. முடியவில்லை. எனக்கும் இப்போது அது பருந்தாகத்தான் தெரிகிறது.